எடிட்டரில் கெட்டர் தெரிகிறது, மேவன் பில்டில் காணவில்லை (லம்போக், ஜாவா 23)

நாகர்கோவில்_கோடர்:
குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் கடை ஒன்றுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறேன். கொள்முதல் கிளாஸில் எடை, கிரேடு, விலை என்று ஃபீல்டுகள், மேலே லம்போக் லைப்ரரியின் @கெட்டர், @செட்டர் அனோட்டேஷன்கள் (ஃபீல்டைப் படிக்கும், மாற்றும் மெத்தடுகளைத் தானாக உருவாக்கும் குறிகள்). ஜாவா 17-இல் ஒழுங்காக ஓடியது. புது லேப்டாப்பில் 23 போட்டதும் பில்ட் கருவியான மேவன் ‘கேனாட் ஃபைண்ட் சிம்பல்: மெத்தட் கெட்வெயிட்()’ என்கிறது. எடிட்டரில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. டார்கெட் ஃபோல்டரை அழித்தும் பார்த்தாச்சு.

மார்த்தாண்டம்காரன்:
லம்போக் டிபெண்டென்சி சேர்த்திருக்கீங்களா?

நாகர்கோவில்_கோடர்:
இருக்கு அண்ணே, புரொவைடட் ஸ்கோப்பில்.

தக்கலை_பேக்கெண்ட்:
அப்போ காரணம் 23தான் தம்பி. எடிட்டரை நம்பாதீங்க, அதில் லம்போக் பிளகின் தனியாக வேலை பார்க்கிறது. கிளாஸ் ஃபைலுக்குள் அந்த மெத்தடைக் கொண்டுவருவது கம்பைல் நேரத்தில் ஓடும் அனோட்டேஷன் பிராசஸர். 2024 செப்டம்பரில் வந்த 23 முதல், கிளாஸ்பாத்தில் (லைப்ரரிகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) சும்மா கிடக்கும் பிராசஸரை ஜாவா கம்பைலர் தானாக ஓட்டாது; சொன்னால்தான் ஓட்டும். மேவன் கம்பைலர் பிளகினின் கான்ஃபிகரேஷனில் ‘அனோட்டேஷன் பிராசஸர் பாத்ஸ்’ பகுதி சேர்த்து அதில் லம்போக்கைக் கொடுங்க. 23-ஐ ஆதரிக்கும் புது லம்போக் பதிப்பாகவும் இருக்கணும்.

மார்த்தாண்டம்காரன்:
மேப்ஸ்ட்ரக்ட் (ஒரு கிளாஸின் தரவை இன்னொன்றுக்கு மாற்றும் கோடை உருவாக்கும் லைப்ரரி) வைத்திருந்தால் அதையும் அங்கேயே எழுதணும். அந்தப் பகுதி வந்துவிட்டால் கம்பைலர் கிளாஸ்பாத்தில் பிராசஸரைத் தேடாது. இது 23-க்கு முன்பும் அப்படித்தான். கூடவே இரண்டையும் ஒத்து ஓடவைக்கும் லம்போக்-மேப்ஸ்ட்ரக்ட் பைண்டிங்கும் வேணும்.

நாகர்கோவில்_கோடர்:
பில்ட் ஆயிடுச்சு, ரொம்ப நன்றி! இன்னொன்று: ஷீட் காய்ந்ததா என்பதற்கு ‘இஸ்டிரைடு’ என்று பூலியன் (ஆம்/இல்லை) ஃபீல்டு. ஆப்புக்குப் போகும் ஜேசன் தரவில் ‘டிரைடு’ என்று வருகிறது, மொபைல் ஆப் அதைப் படிக்கவில்லை.

தக்கலை_பேக்கெண்ட்:
சின்ன எழுத்து பூலியன் என்றால் முன்னால் உள்ள ‘இஸ்’ஸை லம்போக் பெயரின் பகுதியாகவே எடுக்காது. இஸ்டிரைடு(), செட்டிரைடு() என்றுதான் உருவாக்கும். ஜேசனை எழுதும் ஜாக்சன் லைப்ரரி மெத்தட் பெயரைப் பார்த்து ‘டிரைடு’ என்று வைக்கிறது. ஃபீல்டுக்கே ‘டிரைடு’ என்று பெயர் வைத்துவிட்டு, ஆப் பழைய பெயரையே கேட்டால் மேலே @ஜேசன்பிராப்பர்ட்டியில் அதைக் கொடுங்க. பெரிய எழுத்து பூலியனுக்கு மாற்றித் தப்பிக்கப் பார்க்காதீங்க, அப்போது கெட்இஸ்டிரைடு() ஆகிவிடும், ‘நல்’ என்ற வெற்று மதிப்பு வேறு உள்ளே வரும். அப்புறம், ஜேபிஏ என்டிட்டியில் (டேட்டாபேஸ் டேபிளுக்கான கிளாஸ்) @டேட்டா மட்டும் போட்டுடாதீங்க, அது டுஸ்ட்ரிங் மெத்தடையும் உருவாக்கும். விவசாயியும் கொள்முதலும் ஒன்றையொன்று வைத்திருந்தால் டுஸ்ட்ரிங் சுற்றிச் சுற்றி ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் விழும். @கெட்டர், @செட்டர் போதும்.