செல்ஃப் மோட்டாரின் மேல் போல்ட்டுக்குக் கை போகவில்லை, வழி சொல்லுங்கள்

கெடிலக்கரை (தேவனாம்பட்டினம், கடலூர்):
வணக்கம். மூன்று நாட்களாக ஒரே ஒரு போல்ட்டோடு போராடிக்கொண்டிருக்கிறேன். 2012-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி மாற்றி எட்டு மாதம்தான் ஆகிறது, ஹாரனும் விளக்கும் நன்றாக இருக்கின்றன. பக்கத்து வீட்டுக் காரிலிருந்து கம்பி கொடுத்தும் இன்ஜின் சுற்றவில்லை. இன்ஜினை முதலில் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார்தான் போய்விட்டது என்று முடிவு செய்து, நானே கழற்ற இறங்கினேன்.

அதைப் பிடித்திருப்பவை இரண்டு போல்ட்டுகள். கீழ் போல்ட், காருக்கு அடியில் படுத்துப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. மேல் போல்ட் இன்ஜினுக்குப் பின்னால், காற்றுக் குழாய்களுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. கண்ணால் பார்க்க முடியாது. செல்பேசியை உள்ளே விட்டுப் படம் எடுத்த பிறகுதான் அது 14 மி.மீ. தலை என்றே தெரிந்தது. மேலிருந்து கையை விட்டால் இரண்டு விரல்களின் நுனி மட்டும் படுகிறது. ரிங் ஸ்பேனரை மாட்டிவிடலாம், திருப்ப இடமில்லை. நேற்று ஆத்திரத்தில் அழுத்தியதில் ஸ்பேனர் நழுவி விரல் முட்டியில் தோல் உரிந்தது. போல்ட் தலையின் விளிம்பும் கொஞ்சம் மழுங்கிவிட்டது.

இந்த இடத்தில் போல்ட்டை வைத்தவர், அதை ஒருநாள் யாரோ கழற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா? மெக்கானிக் ஒருவரைக் கேட்டேன், கியர் பெட்டியை இறக்க வேண்டும், 6,500 ரூபாய் ஆகும் என்கிறார். செவ்வாய்க்கிழமை அப்பாவைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். முழங்கால் வலியோடு அவரால் பஸ் ஏற முடியாது.

உப்பளம்:
முதலில் ஒன்று. பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றிவிட்டுத்தானே வேலை செய்கிறீர்கள்? செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கம்பி பெரும்பாலான கார்களில் ஃபியூஸ் இல்லாமல் நேராகப் பேட்டரியிலிருந்து வருகிறது. ஸ்பேனர் அதையும் இன்ஜினையும் ஒருசேரத் தொட்டால் பொறி பறக்கும், கையும் வெந்துபோகும்.

கெடிலக்கரை:
கழற்றிவிட்டேன் அண்ணா. அதை மட்டும் மறக்கவில்லை.

பழைய பணிமனை (திருப்பாதிரிப்புலியூர்):
தம்பி, காருக்கு அடியில் படுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். எதன்மேல் காரை நிறுத்தினாய்? உங்கள் பக்கம் முழுக்க மணல் தரை. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அதை நம்பி அடியில் போகவே கூடாது. கெட்டியான தரையில் காரைத் தாங்க இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு வை, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடு. தரை சரியில்லை என்றால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் சிமெண்ட் தரை உள்ள இடத்தில் வேலை செய். இதற்குப் பதில் சொன்ன பிறகு போல்ட்டைப் பற்றிப் பேசலாம்.

கெடிலக்கரை:
உண்மையைச் சொல்கிறேன் ஐயா, ஜாக்கி மட்டும்தான் வைத்திருந்தேன். நண்பரிடம் ஒரு ஜோடி ஸ்டாண்டு இரவல் கேட்டிருக்கிறேன். அது வரும்வரை அடியில் போகமாட்டேன்.

வில்லியனூர் எலக்ட்ரீஷியன்:
மோட்டார்தான் கெட்டது என்று எப்படி முடிவுக்கு வந்தீர்கள்? கடலோர வண்டிகள் பலவற்றில், இன்ஜினையும் பேட்டரியின் மைனஸையும் இணைக்கும் எர்த் கம்பியின் முனை பச்சை பூத்துப்போய்த்தான் இந்த 'டிக்' சத்தம் வருகிறது. கழற்றுவதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். கீழ் போல்ட்டைத் திரும்பப் போட்டு இறுக்குங்கள், மைனஸ் கம்பியை மாட்டுங்கள், கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கைப்பிரேக்கைப் போடுங்கள். மீட்டரின் ஒரு கவ்வியை மோட்டாரின் தடித்த கம்பி முனையிலும் இன்னொன்றை மோட்டாரின் உடலிலும் மாட்டிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பிறகு வேறொருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்கட்டும். அப்போது 12 வோல்ட்டுக்கு அருகில் காட்டியும் மோட்டார் சுற்றவில்லை என்றால் கோளாறு மோட்டாருக்குள் இருக்கிறது. வோல்ட் அடியோடு இறங்கினால் கம்பியிலோ எர்த்திலோ இருக்கிறது.

இன்னொரு கேள்வி. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது வண்டி தண்ணீரில் நின்றதா? செல்ஃப் மோட்டார் தாழ்வான இடத்தில் இருப்பது. வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் அதற்குள் சேறு போய்விடும்.

கெடிலக்கரை:
நின்றது. அன்று சக்கரத்தின் பாதி வரை தண்ணீர் இருந்தது. ஸ்டாண்டு கிடைத்துவிட்டதால் இன்று காலை சோதித்துப் பார்த்தேன். சாவியைத் திருப்பியபோது மீட்டர் 11.9 காட்டியது. 'டிக்' சத்தம் மட்டும்தான்.

வில்லியனூர் எலக்ட்ரீஷியன்:
அப்படியானால் எர்த் கம்பி தப்பித்தது. ஒரு கடைசிச் சோதனை. மேலிருந்து நீளமான மரக்கழியை விட்டு மோட்டாரின் உடலில் மெதுவாகத் தட்டுங்கள், அதே நேரம் சாவி திருப்பப்படட்டும். சுற்றிவிட்டால், மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். ஓங்கி அடிக்காதீர்கள். இந்தக் காலத்து மோட்டார்கள் பலவற்றில் உள்ளே நிரந்தரக் காந்தம் இருக்கிறது, அது விரிசல் விட்டால் மோட்டாரையே மாற்ற வேண்டியதுதான்.

கெடிலக்கரை:
மூன்றாவது தட்டில் சுற்றியது! ஒரு முறை ஸ்டார்ட் ஆகி நின்றது, பிறகு பழையபடி. மோட்டாரைக் கழற்றியே ஆக வேண்டும் என்பது உறுதி. அந்தப் போல்ட்டுக்குத்தான் திரும்ப வருகிறேன்.

பழைய பணிமனை:
ஸ்டாண்டு வைத்தாய் அல்லவா, இனி சொல்கிறேன். முப்பத்தொரு ஆண்டு பஸ் பணிமனையில் இருந்தவன், கண்ணுக்குத் தெரியாத போல்ட் எத்தனையோ கழற்றியிருக்கிறேன்.

உன் ரிங் ஸ்பேனர் ஏன் உதவவில்லை தெரியுமா? பன்னிரண்டு மூலை ரிங்கை எடுத்து மாட்ட ஒவ்வொரு முறையும் 30 பாகை திருப்பியாக வேண்டும். உனக்கு அவ்வளவு இடம் இல்லை. கழற்றி மாட்டாமலே முன்னும் பின்னும் அசைத்துத் திருப்பும் 72 பல் ராட்செட்டுக்கு 5 பாகை போதும். அதோடு பன்னிரண்டு மூலை, போல்ட்டின் முனைகளை மட்டும் பிடிக்கும், அதனால்தான் மழுங்கியது. ஆறு மூலை சாக்கெட் வாங்கு, அது பக்கங்களைப் பிடிக்கும்.

மேலிருந்து போவதை மறந்துவிடு. நீ எடுத்த படத்தை மறுபடி பார். போல்ட்டின் தலை கியர் பெட்டிப் பக்கம் பார்க்கிறதா? பார்க்கிறது என்றால் இடது முன்சக்கரத்தைக் கழற்று, உள்ளே இருக்கும் சேற்றுத் தடுப்பை விலக்கு. ஆக்ஸிலுக்கு மேலே ஒரு சந்து தெரியும். ராட்செட்டை நீட்டும் இரண்டு அடி எக்ஸ்டென்ஷன் கம்பியை அதன் வழியாக விட்டால் நேராகப் போல்ட்டில் போய் உட்காரும். சாக்கெட்டை ஒட்டி, வளைந்து கொடுக்கும் ஒரு யூனிவர்சல் ஜாயிண்ட் போடு. அது தலை தொங்கிக் கொடுக்காமல் இருக்க, எலக்ட்ரிக் டேப்பை மூன்று சுற்று சுற்றிவிடு. வளையும், ஆனால் தொங்காது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஐந்து வருடம் ஆனது.

கியர் பெட்டி அலுமினியம், போல்ட் இரும்பு, காற்றில் உப்பு. மூன்றும் சேர்ந்தால் மரையில் வெள்ளைப் பொடி பூத்துப் பிடித்துக்கொள்ளும். ஆறின இன்ஜினில் இரவு துருநீக்கி அடித்துவிடு. சூடான இன்ஜினில் அடிக்காதே, தீப்பிடிக்கும். நெருப்பு காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் விரட்டிவிடு, பக்கத்திலேயே பெட்ரோல் குழாய் போகிறது.

உப்பளம்:
உங்கள் கோபத்துக்கு ஒரு விளக்கம் சொல்லலாமா? அந்த இடத்தை வைத்தவர் கழற்றுபவரை மறந்தவர் என்று நான் நினைக்கவில்லை. தொழிற்சாலையில் இன்ஜினும் கியர் பெட்டியும் வெளியே ஒன்றாகப் பூட்டப்பட்டு, செல்ஃப் மோட்டாரும் மாட்டப்பட்டு, அதன் பிறகுதான் உடலுக்குள் ஏறுகின்றன. வெளியே இருக்கும்போது அந்தப் போல்ட் எல்லோருக்கும் எட்டும். 1959-இல் வந்த மினி கார் இன்ஜினைக் குறுக்கே வைத்து, சிறிய உடலில் நான்கு பேர் உட்கார இடம் கொடுத்தது. 1983-இல் வந்த மாருதி 800-லும் அதே குறுக்கு அமைப்புதான். உட்காருபவருக்குக் கிடைத்த இடம் கழற்றுபவரின் கையிலிருந்து போனது. அம்பாசடரில் இன்ஜின் நீளவாக்கில் இருந்தது, பானட்டைத் திறந்தால் இரு பக்கமும் கை தாராளமாகப் போகும்.

அந்த மெக்கானிக் கேட்ட பணத்தையும் அதிகம் என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் மூன்று நாள் பட்ட பாட்டை அவர் தினமும் படுகிறார்.

கெடிலக்கரை:
ஏற்றுக்கொள்கிறேன் அண்ணா. பணத்தைவிட, கியர் பெட்டியை இறக்கினால் செவ்வாய்க்கிழமைக்குள் முடியாது என்பதுதான் என் கவலை.

பழைய பணிமனை:
செவ்வாய்க்கு மோட்டார் எதற்கு? கையால் மாற்றும் கியர் வண்டிதானே. சாவியை ஆன் செய்து, இரண்டாம் கியர் போட்டு, கிளட்சை மிதித்தபடி இரண்டு பேரைத் தள்ளச் சொல். வேகம் வந்ததும் கிளட்சை விடு, பிடித்துக்கொள்ளும். ஜிப்மரில் தள்ள ஆள் கிடைக்கும் இடமாகப் பார்த்து நிறுத்து. திரும்பி வந்ததும் போல்ட்டில் கை வை. வெப்பத்தில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அந்தச் சமயம்தான் அது கொஞ்சம் தளரும். கை பொறுக்கும் சூடு இருந்தால் போதும். முதலில் இம்மியளவு இறுக்கு, பிறகு தளர்த்து.

கெடிலக்கரை (புதன்கிழமை இரவு):
வந்துவிட்டது!

நேற்று அப்பாவை அழைத்துப்போய்த் திரும்பினேன். வீட்டு வாசலில் நண்பர்கள் இருவரும், ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டில் முகம் தெரியாத இளைஞர்கள் மூவரும் தள்ளினார்கள். வந்து அரை மணி நேரம் ஆறவிட்டு, காரை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினேன். ஐயா சொன்ன சந்து ஆக்ஸிலுக்கு மேலேயே இருந்தது. ஆறு மூலை சாக்கெட் மழுங்கிய தலையில் முதல் முறையே இறுக்கமாக உட்கார்ந்தது. இம்மியளவு இறுக்கினேன், எதிர்ப்பக்கம் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். ஒடிந்துவிட்டது என்று நினைத்து நெஞ்சு நின்றேவிட்டது. ஒடியவில்லை, விட்டுக்கொடுத்தது. மரை முழுக்க வெள்ளைப் பொடி.

மோட்டாரைப் பிரித்த எலக்ட்ரீஷியன் பிரஷ்களைக் காட்டினார், ஒன்று அடிவரை தேய்ந்திருந்தது. உள்ளே சேறும் இருந்தது. பிரஷ்களும், தண்டைத் தாங்கும் புஷ்ஷும் மாற்றி 850 ரூபாய் வாங்கினார். மேல் போல்ட்டைப் புதிதாக வாங்கி, மரையில் செம்பு கிரீஸ் தடவி, சாக்கெட்டுக்குள் காகிதத் துண்டு செருகி அதைப் பிடித்துக்கொள்ள வைத்து மாட்டினேன். முதல் நான்கு சுற்று ராட்செட் இல்லாமல் எக்ஸ்டென்ஷனைக் கையாலேயே திருப்பினேன். இன்று மாலை சாவியைத் தொட்டதும் இன்ஜின் எழுந்தது. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பழைய பணிமனை:
நல்லது தம்பி. ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் இரண்டு போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிடு. ஸ்டாண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உனக்கென்று ஒரு ஜோடி வாங்கிக்கொள்.