அப்பா கப்பலில் இருக்கும்போது மகளுக்கு ஒப்புதல் கடிதம் வாங்குவது எப்படி?

என் மகளுக்கு ஒன்பது வயது. விடுமுறைக்கு என் அம்மாவோடு பிரான்ஸ் போகிறாள். நானும் கணவரும் கூடப் போகவில்லை. அதற்கான ஷெங்கன் விசாவுக்கு (பிரான்ஸ் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) தாய், தந்தை இருவரின் ஒப்புதலும் வேண்டும். ஆனால் கணவர் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார், இப்போது நடுக்கடலில் இருக்கிறார்.

கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பினார். விசா மையத்தில் வாங்கவில்லை; நோட்டரி முன்னால் போட்ட அசல்தான் வேண்டுமாம். நோட்டரியோ ஆள் நேரில் வராமல் முத்திரை வைக்க மாட்டேன் என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெற்றோரில் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் குழந்தையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்குத்தானே இந்த விதி. கேப்டன் தந்த சான்றும் எடுபடவில்லை.

மகளின் பிறப்புச் சான்றிதழ், எங்கள் பாஸ்போர்ட் நகல்கள், நோட்டரி முத்திரையோடு என் கடிதம் எல்லாம் தயார். என் அம்மாவின் குடும்பப் பெயர் வேறு என்பதால் என் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்திருக்கிறேன். பயணம் ஜூன் கடைசியில். விண்ணப்பத்தை அதற்குக் குறைந்தது 15 நாள் முன்பே கொடுத்தாக வேண்டும்.

மே இறுதியில் கப்பல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுகத்துக்கு வருகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: கணவர் அங்கிருந்து ஹேக் நகரத்துக்குப் போய், எங்கள் நாட்டுத் தூதரகத்தில் கையெழுத்துக்குச் சான்று வாங்கி அசலைக் கூரியரில் அனுப்பினால், நோட்டரி முத்திரைக்குப் பதிலாக அதை ஏற்பார்களா?