மஞ்சளில் சாயம் போட்ட துணி சோப்பில் சிவந்து, வெயிலில் வெளுத்துவிட்டது. என்ன தப்பு?

கோபி_தையல்:
வணக்கமுங்க. வீட்டிலேயே குழந்தைகளுக்குக் கவுன், ஜிப்பா தைத்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கிறேன். இந்த முறை சென்னிமலையில் கோரா காட்டன் (வெளுக்காத பருத்தித் துணி) வாங்கி, ஈரோட்டு மஞ்சளைக் கொதிக்கவைத்து நானே சாயம் போட்டேன், நிறம் அப்படி ஒரு அழகு. முதல் தடவை சோப்பு போட்டதும் அங்கங்கே சிவப்பாக மாறிவிட்டது, அலசியதும் மஞ்சள் திரும்பியது, ஆனால் இரண்டு நாள் வெயிலில் காய்ந்ததும் பாதி நிறம்கூட இல்லை. வெங்காயத் தோலில் போட்டதும் திட்டுத்திட்டாகத்தான் பிடித்தது. குழந்தை போடுகிற துணி என்பதால் கடைச் சாயத்துக்குப் போக மனசு வரவில்லை.

செண்டுமல்லி:
சிவந்ததற்குப் பயப்படாதீங்க. ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கரைத்தால் சிவக்கிறது இல்லையா, அதேதான், சோப்பிலும் காரம் இருக்கிறது. வெளுப்பதுதான் பெரிய சிக்கல். மஞ்சளுக்குப் படிகாரம் போட்டாலும் வெயில் தாங்காது, நானும் இரண்டு வருடம் விடாமல் முயன்று பார்த்துவிட்டேன். விற்கிற துணிக்கு அது வேண்டாம். மாதுளம் தோல் போடுங்க, இல்லையென்றால் செண்டுமல்லி. ஆயுதபூஜை முடிந்து கழற்றிப் போடுகிற மாலைகளை உதிர்த்துக் காயவைத்தாலே ஒரு வருடத்துக்கு வரும்.

தறிவீடு:
பூவை மாற்றினால் மட்டும் போதாது அம்மிணி. பட்டு மாதிரி பருத்தி சும்மா சாயத்தை வாங்காது, அதிலும் கோராவில் பஞ்சின் மெழுகும் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியும் அப்படியே இருக்கும், திட்டு விழுந்தது அதனால்தான். முதலில் துணியைக் காய்ந்த எடையில் நிறுத்துக்கொள்ளுங்கள். சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் தண்ணீர் பழுப்பாக இறங்கும், அதைக் கொட்டிவிட்டு நன்றாக அலசவும். அப்புறம் கிலோவுக்கு 200 கிராம் கடுக்காய்த் தூள் கரைத்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறட்டும், காலையில் அலசாமல் பிழிந்து நிழலில் காயப்போடுங்கள். கடுக்காயின் துவர்ப்புதான் படிகாரத்தைப் பருத்தியில் பிடித்து வைக்கும், படிகாரம் சாயத்தைப் பிடிக்கும். படிகாரம் கிலோவுக்கு 150 கிராம், வெந்நீரில் கரைத்து, துணியை ஒன்றிரண்டு மணி நேரம் போட்டு வைக்கவும். சாயம் அதற்குப் பிறகுதான். பாத்திரம் பெரிதாக இருக்கட்டும், கிளறிக்கொண்டே இருங்கள், அதில் மறுபடி சமைக்க வேண்டாம்.

சாம்பல் நிறம் வேண்டுமென்றால் கடைசியில் துளி அன்னபேதி, அதாவது இரும்பு உப்பு. கூடிப்போனால் நூல் இற்றுவிடும். நீலம் தரும் அவுரிக்கு இதெல்லாம் தேவையில்லை, அது தொட்டியில் புளிக்கவைக்கிற வேறு வேலை.

கோபி_தையல்:
ரொம்ப நன்றிங்ணா, கடுக்காய் என் கண்ணிலேயே படவில்லை. எங்கள் போர் தண்ணீர் உப்பு, பரவாயில்லையா? மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?

தறிவீடு:
ஊருக்கு ஊர் தண்ணீரைப் பொறுத்து நிறம் மாறும். மஞ்சிட்டி வேரில் எடுக்கும் சிவப்புக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் நல்லதே செய்யும், மற்றதற்கு மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள். மாதுளை, செண்டுமல்லித் தண்ணீரை மரத்தடியில் ஊற்றலாம். படிகாரத் தண்ணீரை வீணாக்காமல் அடுத்த துணிக்கும் வையுங்கள், குறைந்த அளவு மட்டும் சேர்த்தால் போதும். அன்னபேதித் தண்ணீரை வாய்க்காலில் விடவே விடாதீர்கள். சாயக்கழிவால் நொய்யல் ஆறும் அதன் ஒரத்துப்பாளையம் அணையும் என்ன ஆயின என்று நம் கண்ணாலேயே பார்த்தோம், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டது. நாம் போடுவது ஒரு வாளிதான் என்றாலும் அந்த நினைப்பு வேண்டும்.

செண்டுமல்லி:
விற்பதற்கு முன்னால் ஒரு துண்டை எடுத்துப் பாதியை அட்டையால் மூடி இரண்டு வாரம் வெயில்படும் ஜன்னலில் வைத்துப் பாருங்க. துவைக்கப் பூந்திக்கொட்டை, காயப்போட நிழல், இதைச் சீட்டில் எழுதித் துணியோடு கொடுங்க.

கோபி_தையல்:
சரிங்க, நாளைக்கே நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்குகிறேன். மாதுளையில் ஒன்று, செண்டுமல்லியில் ஒன்று, இரண்டு துண்டையும் ஜன்னலில் வைத்துவிட்டுப் படம் போடுகிறேன்.