குரலுக்குத் தனி வரிசையா, வேகத்தைக் கூட்டினால் போதுமா?

சுவிட்ச்_அறை:
எங்கள் அலுவலகத்தில் 60 பேர். இணையவழிக் கூட்டங்களில் குரல் விட்டுவிட்டு வருகிறது என்று தினமும் புகார். ரூட்டரில் கியூஓஎஸ், அதாவது குரலுக்கு முன்னுரிமை தரும் விதிகள், அமைக்கலாம் என்றேன். மேலாளரோ இணைப்பின் வேகத்தை இரண்டு மடங்காக்கச் சொல்கிறார். எது சரி?

நேர்கம்பி:
மேலாளர் சொல்வதுதான். ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் பேசும் அழைப்பில் 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட், அதாவது ஒரு சிறு தரவுப் பொட்டலம், போகிறது. குரல் 160 பைட், ஐபி முதல் ஆர்டிபி வரை முகவரி போன்ற விவரங்களைச் சுமக்கும் ஹெடர்கள் 40 பைட். ஒரு திசைக்கு 80 கிலோபிட். 60 பேரும் ஒரே நேரத்தில் பேசினால்கூட 5 மெகாபிட் ஆகாது. இதற்குப் போய் விதி எழுதிக்கொண்டிருப்பானேன்? பேசத் தொடங்கும் முன்பே வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரிலும் இடம் பிடித்து வைக்க ஆர்எஸ்விபி என்று 1997-இல் ஒரு நெறிமுறை வந்தது. ஒவ்வோர் அழைப்பையும் எல்லா ரூட்டரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். பொது இணையத்தில் அது எடுபடவில்லை.

இரவுப்பணி:
கணக்கு சரி, ஆனால் அது சராசரிக் கணக்கு. குரல் கெடுவது நெரிசல் வருகிற அந்த ஒரு விநாடியில். யாரோ ஒருவர் பெரிய கோப்பை அப்லோட் செய்கிறார் என்று வையுங்கள். கோப்பைச் சுமக்கும் டிசிபி நெறிமுறை கிடைக்கிற வேகத்தை எல்லாம் எடுத்துக்கொள்ளும். பாக்கெட் தொலைந்தால்தான் அடங்கும். அப்லோட் வேகம் 10 மெகாபிட், பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்கும் மோடத்தின் பஃபர் 1 மெகாபைட் என்றால், அது நிரம்பியபின் கடைசியில் வந்து நிற்கும் குரல் பாக்கெட் 800 மில்லி விநாடி காத்துக் கிடக்கும். ஒரு திசைத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது, 400-ஐத் தாண்டக் கூடாது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் ஜி.114 பரிந்துரை. வேகத்தை இரட்டித்தால் அந்த வரிசை மட்டுமே 400.

நேர்கம்பி:
அப்படியானால் கோளாறு பஃபரில். அதைச் சரிசெய்யுங்கள். பாக்கெட்டில் டிஎஸ்சிபி 46 என்று குரலுக்கான முன்னுரிமை முத்திரை குத்தினாலும் உங்கள் ரூட்டரைத் தாண்டியதும் அதை மதிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. எல்லையிலேயே பூஜ்ஜியமாக்குகிறவர்களும் உண்டு. அவர்களையும் குறை சொல்ல முடியாது, எல்லோரும் 46 போட்டால் முன்னுரிமைக்கு என்ன அர்த்தம்?

இரவுப்பணி:
ஒத்துக்கொள்கிறேன், வெளியே மதிப்பில்லை. ஆனால் இவர்களுக்கு நெரிசல் வாசலிலேயே இருக்கிறது, அங்கே ரூட்டர் இவர்களுடையது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வரிசை மோடத்துக்குள் நின்றால் ரூட்டரின் முன்னுரிமைக்கு வேலையே இல்லை. விதிகள் எல்லாம் கச்சிதமாக இருந்தும் பயன்படாமல் போன ஓர் அமைப்பை நான் பார்த்திருக்கிறேன், காரணம் இதுதான். ரூட்டர் அனுப்பும் வேகத்தை 9 மெகாபிட்டில் நிறுத்துங்கள். வரிசை உங்கள் கைக்கு வந்துவிடும்.

தொலைமணி:
இருவருக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசையின் நீளத்தை அது பார்ப்பதில்லை, பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கும். 100 மில்லி விநாடி நேரம் தொடர்ந்து காத்திருப்பு 5 மில்லி விநாடிக்குக் கீழே இறங்காவிட்டால் பாக்கெட்டைத் தூக்கி எறியத் தொடங்கும், டிசிபி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதன் விரிவான எஃப்கியூ-கோடெலில் பாய்வுகள், அதாவது ஒவ்வோர் அழைப்பின், ஒவ்வொரு கோப்பின் பாக்கெட்டுகள், தனித்தனி வரிசைகளுக்குப் பிரிந்து போகும். குரல் மெல்லிய பாய்வு என்பதால் முத்திரை இல்லாமலே முந்திப் போகும்.

சுவிட்ச்_அறை:
9 மெகாபிட் வரம்பும் எஃப்கியூ-கோடெலும் போட்டேன். கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போதே பிங் (பாக்கெட் போய்த் திரும்பும் நேரம்) பார்த்தேன், முன்பு 700 மில்லி விநாடியைத் தொட்டது இப்போது 30-க்குள். கம்பியில் இருப்பவர்களுக்குக் குரல் தெளிவு. வைஃபையில் மட்டும் இன்னும் கொஞ்சம் வெட்டுகிறது.

நேர்கம்பி:
சரி, பஃபர் விஷயத்தில் நான் சொன்னதும் இதுதான். வைஃபையில் என் வாதம் செல்லாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே காற்றையே எல்லோரும் பங்கு போடுகிறார்கள். குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என்று 4 வகை. குரல் வகைக்குக் காத்திருப்பு குறைவு. வகையைப் பெரும்பாலும் முத்திரையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. உங்கள் சுவிட்ச் அந்த முத்திரையை அழிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.