அறுவை ஆய்வுக்கு மனிதரா, விலங்கா?

காட்பாடியான்:
அறுவை சிகிச்சையில் விலங்குச் சோதனை தரும் அறிவு சொற்பம் என்பதே என் கருத்து. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் உருவாக்கிய முறைக்கு எந்த விலங்கு உதவியிருக்கும்? முன்கைத் தசை ஒன்றின் நாணை (தசையை எலும்போடு இணைக்கும் இழையை) வேறோர் இடத்திலிருந்து எடுத்த ஒட்டுநாண் சேர்த்து நீட்டி, நான்காகப் பிரித்து, விரலுக்கு ஒன்றாகத் தைத்த பிறகு, அந்தத் தசைக்குப் புதிய வேலையை நோயாளியே பயிற்சி செய்து பழக்க வேண்டும். சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா என்று நாயிடம் சோதிக்க இயலாது.

குடியாத்தம் கால்நடை மருத்துவர்:
ஐயா, இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவை எனப்படுவதும் அதே மருத்துவமனையில்தான், 1961-இல் நடந்தது. அறுவையின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்து அவ்வகை அறுவைக்கு வழி திறந்த இதய-நுரையீரல் இயந்திரத்தை அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் கிப்பன் 1930-களில் பூனைகளிடமும் பின்னர் நாய்களிடமும் சோதித்து, 1953-இல்தான் மனிதரிடம் வெற்றி கண்டார். பிராண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபின், சிறு அழுத்தமும் ஓயாமல் விழுந்தால் பாதம் புண்ணாகும் என்பதை எலிகளிடம்தான் காட்டினார். அதை எந்த நோயாளியின் காலில் செய்து பார்ப்பது?

காட்பாடியான்:
எலியை ஏற்கிறேன். ஆனால் அது புண்ணைப் பற்றிய சோதனை, அறுவையைப் பற்றியதன்று. இதயத்துக்கு இரத்த ஓட்டம் கூடும் என்று நம்பி, நெஞ்சுவலிக்கு மார்பின் உள்தமனியைக் கட்டும் அறுவை 1950-களில் பரவியது. வலி தீர்ந்ததாக நோயாளிகளும் சொன்னார்கள். 1959-இல் அமெரிக்காவில் 17 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறிவிட்டுத் தமனியைக் கட்டாமல் விட்டபோது, அவர்களுக்கும் அதே அளவு நிவாரணம் கிடைத்தது. நாயிடம் இரத்த ஓட்டத்தை அளக்கலாம். நெஞ்சுவலி குறைந்ததா என்று கேட்க முடியுமா?

ஆற்காடு வாசகி:
அந்த 17 பேருக்கும் பொய்க் கீறல் பற்றி முன்கூட்டியே சொல்லப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஐயா.

குடியாத்தம் கால்நடை மருத்துவர்:
அம்மா சொல்வது சரி. மேலும், தமனியைக் கட்டுவது சிறிய அறுவை என்பதால்தான் அந்த ஒப்பீடு சாத்தியமாயிற்று. சிறுநீரக மாற்று அப்படியன்று. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதைத் தடுக்கும் மருந்துகளைப் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ராய் கான் 1960 வாக்கில் நாய்களிடம் சோதித்தார். அவற்றில் பல இறந்தன. வேலூரில் 1971-இல் சிறுநீரகம் பொருத்தப்பட்டபோது அந்த வழிவந்த மருந்துகள் கைவசம் இருந்தன. நாய்களை விலக்கியிருந்தால் அந்த இறப்புகள் நோயாளிகளிடம் நேர்ந்திருக்கும். பலன் உண்டா என்பதைப் பிற்பாடு மனிதரிடம் ஒப்பிட்டுப் பார்ப்பதை நான் ஒருபோதும் மறுக்கவில்லை.