மெல்பர்னிலிருந்து வாடகைக் காரில் ஒருநாள் பயணங்கள்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வரும் மார்ச் மாதம் வயதான பெற்றோருடன் மெல்பர்னில் தங்கி, வாடகைக் காரில் காலையில் புறப்பட்டு இருட்டுவதற்குள் திரும்பும்படி (அந்தி நேரத்தில் கங்காருகள் சாலையைக் கடக்கும் என்பதால்) சில ஊர்களைப் பார்க்க எண்ணியுள்ளோம்.

முதலில் பல்லாரட். 1854-இல் உரிமக் கட்டணத்தை எதிர்த்துத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆயுதமேந்திய யுரேகா என்ற இடத்தைக் காண அப்பா துடிக்கிறார். பழைய தொழிற்சங்கக்காரர் வேறெதைக் கேட்பார்! ஆனால் அவ்வூரிலுள்ள சாவரின் ஹில் திறந்தவெளி அருங்காட்சியகம் மேட்டுச்சரிவில் இருப்பதால், முழங்கால் வலியுள்ள அம்மாவால் அங்கே நடக்க முடியுமா, அல்லது இன்னொரு தங்கச் சுரங்க நகரமான பெண்டிகோ எளிதாக இருக்குமா?

கடற்கரைக்கு, பன்னிரு அப்போஸ்தலர் பாறைகள் வரை ஒரே நாளில் போய்வருவது பெரியவர்களுக்கு வதைதான் என்பது என் கருத்து. மாறாக, ஜீலாங் வழியாகக் குயின்ஸ்கிளிஃப் சென்று, காரோடு ஃபெரியில் ஏறி, சுமார் 40 நிமிடங்களில் சொரென்டோவில் இறங்கி, மார்னிங்டன் தீபகற்பம் வழியாகத் திரும்பலாமென நினைக்கிறேன். வாடகைக் காரை ஃபெரியில் ஏற்றினால் காப்பீடு செல்லுமா?

மெல்பர்னின் சிட்டிலிங்க், ஈஸ்ட்லிங்க் என்ற கட்டணச் சாலைகளில் ரொக்கம் வாங்கும் சுங்கச்சாவடிகள் கிடையாது; எனவே கட்டணத்தை வாடகை நிறுவனம் வழியாகச் செலுத்துவது நல்லதா, நாமே முன்கூட்டி இணையத்தில் செலுத்துவது மலிவா என்பதையும், சமீபத்தில் அங்கே கார் ஓட்டியவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.