கிங்ஸ்ட்ரீ ஊரில் ஸ்டீபன் ஸ்வெயில்ஸைத் தேடி

வரலாற்று மனிதர்கள் வாழ்ந்த ஊர்களுக்குப் போய்வந்தவர்கள் எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். என் மனம் உடனே ஸ்டீபன் ஸ்வெயில்ஸிடம்தான் போனது. அடிமை முறையை வைத்திருந்த தென் மாநிலங்களோடு வட மாநிலங்கள் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட தரப்பு லெப்டினன்ட், பிறகு பத்தாண்டுகள் தெற்கிலிருந்த தென் கரோலினா மாநில செனட் (மேலவை) உறுப்பினர்.

தென் கரோலினாவின் துறைமுக நகரமான சார்ல்ஸ்டனுக்கு வடக்கே கிங்ஸ்ட்ரீ என்ற சிற்றூரில் அவர் வீடு இருந்தது. இப்போது அந்த இடத்தைச் சொல்லும் வரலாற்றுப் பலகை மட்டும் இருக்கிறது. அதைப் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் நின்று, "இந்த ஊருக்கு மேயராகவும் இருந்தவர், தெரியுமா?" என்றார். சொந்தத் தாத்தாவைப் பற்றிப் பேசுகிறவரின் பெருமை அந்தக் குரலில் இருந்தது. வெகுநேரம் பேசினோம்.

ஸ்வெயில்ஸ் பென்சில்வேனியாவில் பிறந்த கறுப்பினத்தவர். 1863-ல் வட தரப்பின் கறுப்பினச் சிப்பாய்களைக் கொண்ட மாசசூசெட்ஸ் 54-வது படைப்பிரிவில் சேர்ந்தார். அந்த ஜூலையில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தைக் காத்த தென் தரப்பின் வாக்னர் கோட்டையை அந்தப் படை தாக்கியது புகழ்பெற்றது. என்னை அதைவிட அதிகமாக உலுக்கியது சம்பள விவகாரம். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்பருக்கு 10 டாலர் என்று சொல்லி, உடைக்காக 3 டாலரைப் பிடித்துக்கொண்டு 7 டாலர் கொடுத்தார்கள். 54-வது படையினர் அதைத் தொடவே மறுத்தார்கள். குறையும் தொகையைத் தானே தருவதாக மாசசூசெட்ஸ் மாநிலம் சொன்னபோதும் வாங்கவில்லை. மனைவி மக்கள் வறுமையில் வாட, ஓராண்டுக்கும் மேலாகச் சம்பளமில்லாமலே போரிட்டார்கள். என்ன நெஞ்சுரம் அது!

1864 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் ஒலஸ்டீ போரில் ஸ்வெயில்ஸின் தலையில் காயம் பட்டது. மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ அவரை அதிகாரியாக நியமித்தார். ஆப்பிரிக்க வம்சாவளி என்ற காரணத்தைக் காட்டிப் போர்த்துறை ஏற்க மறுத்தது. மாதக்கணக்கில் முறையிட்டு, 1865 ஜனவரியில்தான் பதவி உறுதியானது.

போர் முடிந்ததும் ஊர் திரும்பாமல், எந்த மாநிலத்தை எதிர்த்துப் போரிட்டாரோ அங்கேயே தங்கினார். விடுதலை பெற்ற அடிமைகளுக்கான அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தார்; 1868-ல் செனட்டுக்குத் தேர்வானார்; அதன் தற்காலிகத் தலைவராகவும் அமர்ந்தார். போருக்குப் பின் தெற்கில் நிறுத்தப்பட்டிருந்த மத்தியப் படைகள் 1877-ல் விலகிய பிறகு, வெள்ளை ஆதிக்கத்தினர் மிரட்டி அவரை ஊரைவிட்டே விரட்டினார்கள். பீரங்கிகளுக்கு முன்னால் நின்றவரை இப்படி ஓடவைத்ததை நினைத்தால் என் மனம் ஆறவில்லை. பிறகு வாஷிங்டனில் அரசு எழுத்தராக வேலை பார்த்தார்; 1900-ல் காலமானார்.

அடக்கம் சார்ல்ஸ்டனில். நூறாண்டுக்கும் மேல் பெயர் பொறித்த கல்கூட இல்லை, 2006-ல்தான் வைத்தார்கள். அந்தக் கல்லறைக்கு நான் இன்னும் போகவில்லை. போனவர்கள் இருந்தால் வழியையும், திறந்திருக்கும் நேரத்தையும் எழுதுங்கள்.